மைலுக்கு ஒரு பம்பு எண்ணெய்

போன அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் எங்கள் சபை ஐயர் என் வீடு தேடி வந்தார். "ஆண்டவருடைய மாறாத தன்மையைப் பத்தி நீங்க ஒரு சாட்சி சொல்லணும் ஐயா. அஞ்சு நிமிஷம் போதும்" என்றார். "எனக்கு அதைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் ஒரு மோட்டார் பந்தயத்துல தெரிஞ்சதுதான் ஐயரே" என்றேன். கிழவன் கேலி பேசுகிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் கேலி பேசவில்லை. பண்டிகை அன்று எழுந்து நின்று அந்தப் பந்தயத்தைத்தான் சொன்னேன். ஐந்து நிமிஷம் நாற்பது நிமிஷமாகிவிட்டது, வெளியே அண்டாவில் சோறு ஆறிப்போனது. மூப்பர்கள் இரண்டு பேருக்கு என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. சோறு ஆறியதற்கு அல்ல. நான் மெச்சிப் பேசிய ஆள் ஆர்.சி.க்காரன், கத்தோலிக்கன் என்பதற்கு.

சபையில் பஸ் ஓட்டுகிற பையன்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்கள் என்னை விடவில்லை, எழுதித் தாருங்கள் என்றார்கள். ஒருவன், "எண்ணெய்க்குப் பம்பு எதுக்கு ஐயா, அது தானா ஓடுமே?" என்று கேட்டான். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, எழுதாவிட்டால் நான் என்ன தப்புச் செய்தேன் என்பதுகூட இவர்களுக்கு விளங்காது என்று.

என் பெயர் ஞானாபரணம். உபதேசியாரின் மகன். அப்பா பிரசங்கம் செய்யும்போதெல்லாம் ஆண்டவர் மாறாதவர், மாறாதவர் என்று சொல்லுவார். சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்டிருப்பேன். ஆமென் சொல்லிவிட்டு எழுந்து போவேன். காதில் விழுந்ததே தவிர உள்ளே ஒன்றும் இறங்கவில்லை.

பாளையங்கோட்டையில் முத்தையா பிள்ளை என்ற முதலாளியிடம் பத்து வருஷம் குதிரை வண்டி ஓட்டினேன். நிலபுலன் உள்ள சைவக் குடும்பம். கோபக்காரர், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் எந்த வேலைக்காரனையும் கூப்பிட மாட்டார். முதல் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு மோட்டார் வாங்கினார். பச்சை நிறம், மேல்கூரை துணி, பித்தளை விளக்கு. குதிரைகளை விற்றார். என்னைக் கிளீனராக வைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வயதில், மீசை வைத்தவன், கடிவாளம் பிடித்த கையில் எண்ணெய்த் துணியைப் பிடித்தேன். அந்த வருத்தம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வண்டி ஓட்ட வந்தவன் மிக்கேல். புன்னக்காயல்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன். வள்ளம் ஓட்டுகிற குடும்பத்தில் கடலை விட்டு வெளியே வந்த முதல் ஆள் அவன்தான். தூத்துக்குடியில் லாஞ்சுப் படகு என்ஜினும் கொழும்பில் மோட்டாரும் பழகியிருந்தான். ஒல்லி, கறுப்பு, பேச்சு குறைவு. கைக்குட்டையை லேஞ்சி என்பான். அந்த லேஞ்சியை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கண் இரண்டும் மட்டும்தான் தெரியும். எனக்கு மேலே உள்ளவன், ஆனால் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. அண்ணாச்சி என்பான், நீங்க என்பான்.

வேலை பழகியது மூன்றே மாதம். அதில் சொல்ல அதிகம் இல்லை. முதல் நாளே ஹேண்டில் போட, அதாவது வண்டிக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி என்ஜினைக் கிளப்ப, கற்றுத் தந்தான். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலைச் சுற்றி வளைக்கக் கூடாது, மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். என்ஜின் சில சமயம் திருப்பி உதைக்கும், கட்டை விரல் வளைந்திருந்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். பெட்ரோலை மான்தோலில் வடிகட்டி ஊற்ற வேண்டும். ரேடியேட்டருக்கு ஆற்றுத் தண்ணீரை வேட்டித் துணியில் வடிக்க வேண்டும். டயரை உதைத்துப் பார்த்துச் சத்தத்தில் காற்று அளவு சொல்ல வேண்டும். ஆள் இல்லாத ரோட்டில் கொஞ்சம் ஓட்டவும் பழக்கினான். இதெல்லாம் வந்துவிட்டது.

எண்ணெய்தான் முக்கியம். என்ஜினுக்கு எண்ணெய் அந்த வண்டியில் தானாகப் போகாது. கிளீனர் உட்காரும் இடத்துக்கு முன்னால் ஒரு எண்ணெய்த் தொட்டி, அதில் ஒரு பித்தளைக் கைப்பம்பு. மைல் கல் வரும்போதெல்லாம் பம்பை ஒரு தடவை இழுத்து அமுக்க வேண்டும். அதிகம் அடித்தால் புகை, குறைந்தால் என்ஜின் காய்ந்து பிடித்துக்கொள்ளும். மைலுக்கு ஒரு பம்பு. கிளீனரின் வேலையே அதுதான்.

ஒரு நாள் நான் கேட்டேன். "கல்லு தெரியலைன்னா என்ன செய்ய? மழை பெய்யும், பனி இருக்கும், கல்ல எவனாவது பிடுங்கிப் போட்டிருப்பான்."

"பிரியதத்த மந்திரம் சொல்லுங்க அண்ணாச்சி. பைய இல்ல, வேகமாவும் இல்ல, கோவில்ல சொல்லுத மாதிரி. நம்ம வண்டி ஓடுத வேகத்துக்குப் பத்து சொன்னா ஒரு மைலு. நான் எண்ணிப் பாத்துட்டேன்."

பிரியதத்த மந்திரம் என்பது அவர்கள் செபமாலையில் மாதாவை வேண்டிச் சொல்கிற ஜெபம். உபதேசியார் மகன் நான் அதைச் சொல்லுவேனா? "நம்ம சபையில அதெல்லாம் கிடையாது மிக்கேலு. நான் என் ஜெபத்தச் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

"எதச் சொன்னாலும் சரி. கண்ணத் திறந்துக்கிட்டுச் சொல்லுங்க" என்றான். எங்கள் சபையில் கண்ணை மூடித்தான் ஜெபம் செய்வோம் என்று அவனுக்குத் தெரியும். நான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

காலையில் வண்டி எடுக்கும் முன் அவன் செய்கிறது எதுவும் ஒரு நாளும் மாறாது. வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வருவான். தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொள்வான். ஏறி உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்பான். "தண்ணி?" "இருக்கு." "எண்ணெய்?" "இருக்கு." "பிரேக்கு?" "பிடிக்கு." பிறகுதான் நான் ஹேண்டில் போடலாம். முதலாளி பின்னால் உட்கார்ந்து, "ஏலே, நேரமாவுது" என்று கத்தினாலும் மூன்று கேள்வியும் உண்டு. மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போகிற அன்றும் உண்டு, துக்க வீட்டுக்குப் போகிற அன்றும் உண்டு. குரல் கூடாது, குறையாது. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். இருக்கு இருக்கு என்று நூறு நாள் சொன்னவன்தானே, இன்றைக்கு மட்டும் எங்கே போய்விடப் போகிறது என்று நினைப்பேன்.

முதலாளிக்கு ஒரு ஆசை இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு ஆற்றங்கரை ரோட்டில் பிரயாணிகள் மோட்டார் சர்வீஸ் விட வேண்டும். அதைக் கேள்விப்பட்ட ஒரு பருத்திக் கம்பெனி துரை, விருந்து ஒன்றில் நாலு பேர் முன்னிலையில் சிரித்துவிட்டார். உங்கள் ஊர் ஆள் மாட்டு வண்டிக்குத்தான் லாயக்கு, மோட்டாரை நம்பி எவன் ஏறுவான் என்றாராம். துரையிடமும் ஒரு சிவப்பு மோட்டார் உண்டு, அவரே ஓட்டுவார். முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. பந்தயம் பேசிவிட்டு வந்துவிட்டார். பாளையங்கோட்டையில் புறப்பட்டு ஆழ்வார்திருநகரி தேரடி வரை யார் முந்துகிறார்கள் என்று பார்ப்பது. இருபது மைல் சொச்சம்.

மறுநாள் காலையில் மிக்கேலைக் கூப்பிட்டு நிறுத்தினார். "ஏலே, ஜெயிச்சேன்னா சர்வீஸுக்கு நீதான் தலைமை டிரைவர். தோத்தேன்னா அந்த ஸ்டியரிங் சக்கரத்த நீ தொடப்பிடாது. சம்மதமா?"

"சம்மதம் முதலாளி."

வெளியே வந்ததும் நான் சண்டை பிடித்தேன். "என்னத்துக்குவே சம்மதிச்சீரு? மழை இருக்கு, மாடு இருக்கு, டயரு இருக்கு. நம்ம கையிலயா இருக்கு எல்லாம்?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "எங்க அம்மைக்கு நான் மோட்டாரு ஓட்டுதேன்னா நம்பிக்கை இல்ல அண்ணாச்சி. வள்ளம் இல்லாதவன் சோத்துக்கு என்ன செய்வான்னு அழுதுக்கிட்டு இருக்கா. சர்வீஸு வந்தா ஒருதரம் அவள ஏத்திக் கூட்டிட்டுப் போவேன்" என்றான். அவன் தன் ஆசை என்று என்னிடம் சொன்னது அது ஒன்றுதான். அந்தச் சக்கரத்தை விட்டால் அவனுக்கு வேறு ஒன்றும் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் இதை எழுத இத்தனை கஷ்டமாக இருக்கிறது.

ஆனி மாதம், மேற்கேயிருந்து மேல்காற்று பிய்த்து வாங்குகிற காலம். காலை எட்டு மணிக்குப் புறப்பாடு. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சனம். சீட்டுப் போட்டதில் துரைக்கு முதலில் கிளம்ப விழுந்தது, எங்களுக்கு ஒரு நிமிஷம் பிந்தி. முதலாளியும் மற்றவர்களும் முந்தின நாளே ஆழ்வார்திருநகரி போய்த் தேரடியில் காத்திருந்தார்கள். இத்தனை கூட்டத்திலும் மிக்கேல் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினான். தொப்பியைக் கழற்றினான். தண்ணி, எண்ணெய், பிரேக்கு. கூட்டத்தில் எவனோ, "அது ஓடுமா, இல்ல பூசைதான் நடக்குமா?" என்று கத்தினான். மிக்கேல் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் ஆறு மைல் சொர்க்கம். கல் வந்தது, பம்பு அடித்தேன். கல் வந்தது, பம்பு அடித்தேன். ஏழாவது கல் தாண்டியதும் சிவப்பு வண்டியை எட்டிப் பிடித்துவிட்டோம். அங்கேதான் வினை ஆரம்பித்தது. காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து கிழக்கே அடிக்கிறது. துரையின் வண்டி கிளப்புகிற புழுதி கலைந்து போகாமல் எங்களோடு கூடவே வருகிறது. ரோடு தெரியவில்லை. எங்கள் வண்டியின் முன் விளக்கு தெரியவில்லை. கல்லும் தெரியவில்லை.

நான் அலறிவிட்டேன். "மிக்கேலு, நிறுத்தும்வே! என்னத்தப் பாத்து ஓட்டுதீரு?"

"மேல பாருங்க அண்ணாச்சி."

பார்த்தேன். புழுதி ஓராள் உயரம், ஒன்றரை ஆள் உயரம். அதற்கு மேலே வானம் தெளிவாக இருந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற புளியும் ஆலும் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நடுவே வானத்தில் ஒரு சந்து. அந்தச் சந்தைப் பார்த்துத்தான் அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். மரம் இடப்பக்கம் சாய்ந்தால் அவனும் இடப்பக்கம் திருப்பினான்.

"எங்க ஊருல ஆறு கடல்ல விழுத இடத்துல மணல்திட்டு உண்டு. அலையில வழி தெரியாது. கோவில் கோபுரத்தப் பாத்துத்தான் உள்ள வருவோம்" என்றான், லேஞ்சிக்குள்ளிருந்து. "அது நகராதுல்லா அண்ணாச்சி. வள்ளந்தான் ஆடும்."

இந்த நிலையில் ஒருவன் இத்தனை நிதானமாகப் பேசுவான் என்றால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். பேசிவிட்டு அவன் வாய்க்குள் பிரியதத்த மந்திரத்தைத் தொடங்கினான். சத்தமாகச் சொல்லியிருந்தால் நானும் எண்ணியிருப்பேனோ என்னவோ. நான் என் பங்குக்குப் பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தேன். நாலு முறை சொன்னால் ஒரு மைல் என்று முந்தின நாள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒரு மைல் சரியாக அடித்தேன்.

அடுத்து வாய்க்கால் பாலம். இடப்பக்கச் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கியது. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தது, கீழே தண்ணீர் பளபளத்தது. மிக்கேல் ஒடித்துத் திருப்பினான், வண்டி எகிறி மேலே ஏறியது. அவ்வளவுதான். என் பெண்டாட்டி, பிள்ளைகள் மூன்று பேர் முகமும் வந்தது. பம்பை விட்டேன். இரண்டு கையையும் கோத்துக்கொண்டு கண்ணை இறுக மூடி ஆண்டவரே, ஆண்டவரே என்று ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். உருக்கமான ஜெபம், பொய் இல்லை. என் ஆயுளில் அப்படி ஜெபம் பண்ணியது கிடையாது. எண்ணத்தான் இல்லை.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. முகத்தில் சுத்தமான காற்றுப் பட்டதும் கண்ணைத் திறந்தேன். கருங்குளம் தாண்டி வயல்வெளி. மரங்கள் விலகியிருந்தன. ரோடு அங்கே தெற்கே வளைகிறது, மேல்காற்று குறுக்கே அடித்துப் புழுதியை அப்படியே வயலுக்குள் தள்ளிவிட்டது. ரோடு கண்ணாடியாகத் தெரிந்தது. மிக்கேல் இதற்காகத்தான் இத்தனை நேரம் பொறுத்திருந்தான். ஒரே மிதி, துரையின் வண்டிக்குப் பக்கத்தில் போய்விட்டோம். துரை திரும்பிப் பார்த்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முந்திவிட்டோம்.

நான் எழுந்து நின்று கூவினேன். மிக்கேல் சிரித்தான். லேஞ்சிக்கு மேலே கண் சிரித்தது. அப்போது கல் வந்தது. பன்னிரண்டு.

எட்டாவது மைலுக்கு அடித்தது நினைவிருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் நினைவில்லை. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'மிக்கேலு, நாலு மைலு விட்டுட்டேன்' என்று ஒரு வார்த்தை. அவன் அங்கேயே வேகத்தைக் குறைத்து, எண்ணெய் அடித்து, என்ஜினை ஆற விட்டிருப்பான். துரை ஒருவேளை முந்தியிருப்பார், ஒருவேளை மாட்டார். நான் சொல்லவில்லை. முந்திப் போகிறோம், அவன் சிரிக்கிறான், இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அவன் பார்க்காத நேரம் பார்த்துக் களவாணி மாதிரி இரண்டு பம்பு சேர்த்து அடித்தேன். சரியாகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

பதினாறாம் கல்லுக்குப் பக்கத்தில் என்ஜின் ஒரு முனகல் முனகியது. பிறகு இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். வண்டி தானாக நின்றது. ஹேண்டிலைப் போட்டேன், அசையவில்லை. என்ஜின் பிடித்துக்கொண்டது.

மிக்கேல் இறங்கி என்ஜின் பெட்டியைத் திறந்தான். சூடு முகத்தில் அடித்தது. என்னைப் பார்த்து, "எண்ணெய் ஒழுங்கா அடிச்சீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டான். காலையில் கேட்கிற அதே குரல்.

"அடிச்சேன்" என்றேன்.

அவன் அளவுக் குச்சியை எடுத்து எண்ணெய்த் தொட்டிக்குள் விட்டான். வெளியே எடுத்துப் பார்த்தான். பதினாறு மைல் ஓடிய வண்டியில் எண்ணெய் எவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று அவனுக்கு நகக்கண்ணளவுகூடத் தவறாமல் தெரியும். குச்சியைத் துணியில் துடைத்தான், இருந்த இடத்தில் வைத்தான். அப்போது சிவப்பு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. துரை கையைக்கூட ஆட்டினார்.

ஒரு மணி நேரம் ஆற விட்டு, எண்ணெய் ஊற்றி, இரண்டு பேரும் ஹேண்டிலைப் பைய அசைத்து அசைத்து என்ஜினை விடுவித்தோம். மாட்டைக் கட்டி இழுக்கலாம் என்று வயலில் நின்றவர்கள் கயிறு கொண்டுவந்தார்கள். மிக்கேல் வேண்டாம் என்றுவிட்டான். நொண்டி நொண்டி ஆழ்வார்திருநகரி தேரடிக்குத் தன் ஓட்டத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினான். கூட்டம் முக்கால்வாசி கலைந்திருந்தது.

முதலாளிக்கு உதடு துடித்தது. "என்னல ஆச்சு?"

நான் மிக்கேலைப் பார்த்தேன். இப்போது சொல்லுவான், சொல்லட்டும் என்று நின்றேன்.

"எண்ணெய் பத்தல முதலாளி. என்ஜின் பிடிச்சிட்டு. வண்டி என் பொறுப்பு. என் தப்புத்தான்" என்றான்.

முதலாளி சொன்ன வார்த்தையை மாற்றவில்லை. அங்கேயே அவனிடமிருந்து சக்கரத்தைப் பிடுங்கினார். அதோடு விட்டாரா? "ஞானாபரணம், பத்து வருஷம் எங்கிட்ட வண்டி ஓட்டினவன் நீ. இனி நீ ஓட்டு. இவன் வேணும்னா கிளீனரா இருக்கட்டும், இல்லன்னா ஊரு போய்ச் சேரட்டும்" என்றார். மிக்கேல், "இருக்கேன் முதலாளி" என்றான். நானும் சரி என்றுவிட்டேன். எப்படிச் சரி என்றேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை வண்டிக் கொட்டகைக்குப் போகக் கால் வரவில்லை. இன்றைக்கு அவன் காறித் துப்புவான், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வான், இரண்டில் ஒன்று நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவன் எனக்கு முன்னால் வந்து டயரை உதைத்துக்கொண்டிருந்தான். "வாங்க அண்ணாச்சி" என்றான். நான் ஏறிச் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மூன்று கேள்வி இப்போது நான் கேட்க வேண்டியது. எனக்கு வாய் வரவில்லை. அவன் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினான், தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டான், ஹேண்டில் பக்கம் குனியும் முன், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான். "தண்ணி இருக்கு. எண்ணெய் இருக்கு. பிரேக்கு பிடிக்கு."

பதினேழு நாள் நான் ஓட்டினேன். பதினேழு நாளும் அதே வார்த்தை, அதே குரல். ரோட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் எனக்குப் பக்கத்தில் பித்தளைப் பம்பு டக்கென்று ஒரு சத்தம் போடும். ஒரு கல் முந்தாது, ஒரு கல் பிந்தாது. நான் தூங்கி வழிந்த மதியத்திலும் அந்தச் சத்தம் கேட்டது. ஒருநாள் நான் கோணலாக ஓட்டிப் பள்ளத்தில் இறக்கியபோதும், இறங்கி வண்டியைத் தூக்கிவிட்டு மறுபடி ஏறி, அடுத்த கல்லுக்கு அடித்தான். அவன் என்னைத் தண்டித்திருந்தால் தாங்கியிருப்பேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். என் பொய் அவனை ஒரு இம்மிகூட மாற்றவில்லை. பந்தயத்துக்கு முந்தின நாள் என்னை எப்படி அண்ணாச்சி என்று கூப்பிட்டானோ அப்படியேதான் கூப்பிட்டான். அப்பா நூறு தடவை பிரசங்கத்தில் சொன்னது அந்தப் பம்புச் சத்தத்தில்தான் எனக்குள் இறங்கியது. நான் தவறிவிட்டேன் என்பதற்காக ஆண்டவர் தவற மாட்டார், அதுதான் மாறாதவர் என்பதற்கு அர்த்தம் என்று அந்த ரோட்டில் எனக்குப் புரிந்தது. புரிந்தபோது ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது. அழுகை வந்தது.

பதினெட்டாம் நாள் முதலாளி பின்னால் இருந்தார், ஆழ்வார்திருநகரிக்குப் போகிறோம். பதினாறாம் கல். மிக்கேல் பம்பை இழுத்து அமுக்கினான். எனக்கு அதற்குமேல் ஓட்ட முடியவில்லை. பிரேக்கைப் போட்டு நடு ரோட்டில் நிறுத்தினேன்.

"என்னல, இங்கன நிறுத்திட்ட?" என்றார் முதலாளி.

இறங்கி ரோட்டில் நின்றேன். "முதலாளி, அன்னைக்கு எண்ணெய் அடிக்காதது நான். பயந்துபோய்க் கண்ண மூடிட்டேன். அப்புறம் தெரிஞ்சும் சொல்லல. மிக்கேலு மேல தப்பே கிடையாது. பொய் சொன்னவன் நான்."

முதலாளியின் முகம் சிவந்தது. மிக்கேல் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமால இது?"

"தொட்டியில எண்ணெய் மிச்சம் இருந்துச்சே முதலாளி. தெரியும்."

"பெறவு ஏம்ல வாயத் திறக்கல?"

அவன் பம்பின் பித்தளையைத் துடைத்தான். "நான் சொன்னா அண்ணாச்சி மாட்டிக்கிட்டவரா நின்னுருவாரு. அவரே சொன்னா வேற மாதிரில்லா முதலாளி. சொல்லுவாருன்னு தெரியும். என்னைக்குன்னுதான் தெரியல."

முதலாளி என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போகத்தான் பார்த்தார். "ஏலே மிக்கேலு, சக்கரத்துக்கு நீ போ. இந்தப் பய நடந்தே ஊரு போய்ச் சேரட்டும். உனக்கு வேற கிளீனர் பாக்கேன்" என்றார்.

"வேண்டாம் முதலாளி. பம்புக்கு இவரே இருக்கட்டும்."

"பொய் சொன்னவனக் கூட வச்சுக்கிட்டு ஓட்டுவியால?"

"இனிமே இந்த ஜில்லாவுல இவர மாதிரி எண்ணெய் அடிக்க ஆளு கிடையாது முதலாளி" என்றான்.

முதலாளி ரோட்டைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், கடைசியில் சிரித்துவிட்டார். அந்தக் கோபக்காரர் சிரித்து நான் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான். மிக்கேல் சக்கரத்துக்கு மாறினான். நான் என் இடத்துக்குப் போனேன். அங்கேயே, நடு ரோட்டில், தொப்பியைக் கழற்றிவிட்டு அவன் கேட்டான். "தண்ணி?" "இருக்கு." "எண்ணெய்?" நான் பம்பின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி பின்னாலிருந்து, "சொல்லேம்ல" என்றார். "இருக்கு" என்றேன்.

துரையிடம் மறுபந்தயம் எதுவும் வைக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் முதலாளி திருச்செந்தூர் சர்வீஸை ஆரம்பித்தார், சனம் நம்பி ஏறியது. மிக்கேல் தலைமை டிரைவர். மூன்று வருஷம் நான் அவனுக்குக் கிளீனர், பிறகு நானும் ஒரு வண்டிக்கு டிரைவர். முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றேன். மிக்கேல் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டான். புன்னக்காயல் கோவில் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறான்.

சர்வீஸ் தொடங்கிய முதல் வாரமே அவன் அம்மையைக் கூட்டிவந்தான். குரும்பூரில் வந்து ஏறினார்கள். கையில் கருவாட்டுக் கூடை, கழுத்தில் செபமாலை. வண்டி நகர்ந்ததும் அந்த அம்மா மாலையைக் கையில் எடுத்துச் சத்தமாகவே செபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மகன் ஓட்டுகிற வண்டி கவிழாமல் போக வேண்டுமே. கல் நன்றாகத் தெரிகிற வெயில் நேரம், எனக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் உபதேசியார் மகன் நான் அன்றைக்கு மனசுக்குள் கூடவே எண்ணினேன். பத்து முடியவும் கல் வந்தது. அவன் கணக்கு சரிதான். பம்பை அடித்தேன்.

சத்தம் கேட்டு அந்த அம்மா செபத்தை நிறுத்தினார்கள். "ஏய்யா, பக்கத்துல இருந்துக்கிட்டு என்னத்தையோ இழுத்து அமுக்குதாரே, அது யாரு?"

மிக்கேல் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலையில் கேட்கிற அதே குரலில் சொன்னான். "நம்ம ஞானாபரணம் அண்ணாச்சிம்மா. ஒரு கல்லு தவற விடாத ஆளு."

நான் தலை குனிந்து பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த கல் வரும்வரை நிமிரவில்லை. வந்ததும் அடித்தேன்.